வைத்தியசாலையே நடத்தும் சிகிச்சை ஆய்வில் வாப்பா சேரலாமா?

நிந்தவூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய வாப்பாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். இடது பாதத்தில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது. அவர் காட்டிவரும் அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில், ஏற்கெனவே பாவனையில் உள்ள இரண்டு விதமான மருந்துக் கட்டுகளில் எது இத்தகைய புண்ணை விரைவாக ஆற்றுகிறது என்று பார்க்கும் ஆய்வு ஒன்று நடக்கிறது என்றும், விரும்பினால் சேரலாம் என்றும் சொல்லி, பல பக்கத் தகவல் படிவம் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அனுசரணையாளர் என்ற இடத்தில் வைத்தியசாலையின் பெயரே இருக்கிறது. எந்தக் கட்டு யாருக்கு என்பதைக் குலுக்கல் போலத்தான் தீர்மானிப்பார்கள் என்று தாதி சொன்னதும் வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்களாம். "வாப்பாவை வைத்துப் பரீட்சித்துப் பார்க்கிறார்களா? சேராவிட்டால் பிறகு கிளினிக்கில் முகம் கொடுத்துப் பேசுவார்களா? அனுசரணை என்றால் செலவு முழுவதும் அவர்களுடையதா?" என்பவை அவருடைய கேள்விகள்.

நான் வைத்தியன் அல்லன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நடந்த ஆய்வுகளில் நோயாளிகளுக்குத் தகவல் படிவத்தை வாசித்து விளக்குவதும் அவர்களுடைய ஆய்வுப் பதிவேடுகளைப் பேணுவதுமாக நீண்ட காலம் வேலை பார்த்தவன். ஆகவே புண்ணுக்கு எந்த மருந்து நல்லது என்று சொல்ல நான் ஆள் இல்லை. அந்தப் படிவத்தில் என்ன இருக்க வேண்டும், எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். என் எண்ணத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நமது பகுதியில் இத்தகைய ஆய்வுகளில் நான் அதிகம் கண்ட குறை, நோயாளிகளை எவரும் ஏமாற்றுவது அன்று. "டொக்டர் சொன்னால் சரிதானே" என்று படிவத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையொப்பம் வைத்துவிடுவதுதான். நீங்கள் பயந்து போய்க் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அந்த வகையில் உங்கள் வீடு மற்றப் பல வீடுகளைவிட ஒரு படி முன்னால் நிற்கிறது.

வாப்பாவை வைத்துப் பரீட்சித்துப் பார்க்கிறார்களா என்றால், ஆம், அப்படித்தான். அதை மூடிமறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் பரீட்சிக்கப்படுவது உங்கள் வாப்பா அல்லர், அந்த இரண்டு கட்டுகளும்தான். இரண்டில் எது மேல் என்று வைத்தியர்களுக்கே உறுதியாகத் தெரியாதபோது மட்டுமே இப்படி ஓர் ஆய்வைத் தொடங்க அனுமதி கிடைக்கும். ஒன்று நிச்சயமாக நல்லது என்று தெரிந்திருந்தால், மற்றதை ஒரு நோயாளிக்குக் கொடுப்பது தவறாகிவிடும். சீனி வருத்தத்தால் வரும் கால் புண்ணைப் பொறுத்தவரை இந்தச் சந்தேகம் உண்மையானது. சந்தையில் எத்தனையோ விதமான கட்டுகள் இருக்கின்றன. ஆனால் ஒன்று மற்றதைவிடச் சிறந்தது என்று உறுதியாக நிறுவும் வலுவான சான்றுகள் குறைவு. புண் ஆறுவதற்கு இரத்தத்தில் சீனி கட்டுப்பாட்டில் இருப்பதும், அந்த இடத்தில் உடற்பாரம் விழாமல் பார்ப்பதும், கிருமித் தொற்றை உடனே கவனிப்பதும், காலுக்கு இரத்தம் சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பதும் எந்தக் கட்டைப் போட்டாலும் தவிர்க்க முடியாதவை. இந்த நான்கும் இரண்டு பிரிவினருக்கும் ஒரே மாதிரிக் கிடைக்குமா என்பதைப் படிவத்தில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் அதுவே உங்கள் முதல் கேள்வி.

இனி அனுசரணை பற்றி. வீட்டு விழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ பணம் கொடுப்பவரைத்தான் நாம் அனுசரணையாளர் என்கிறோம். ஆய்வில் அப்படி அன்று. ஆய்வைத் தொடங்கி, நடத்தி, அதன் தரத்துக்கும் பங்குபற்றுவோரின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்கும் தரப்பே அனுசரணையாளர். பணம் வேறிடத்திலிருந்து வரலாம். பல்கலைக்கழக ஆராய்ச்சி மானியமாக இருக்கலாம், கட்டுகளை மட்டும் ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்திருக்கலாம். ஆகவே "அனுசரணை யார்" என்று தெரிந்துகொண்டதோடு நிற்காமல், "பணம் எங்கிருந்து வருகிறது, கட்டுகளை யார் தருகிறார்கள்" என்றும் கேட்கலாம். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. அந்த விபரம் படிவத்திலேயே இருக்க வேண்டிய ஒன்று.

மருந்துக் கம்பெனி ஒன்று கோடிக்கணக்கில் செலவழித்து ஆய்வு நடத்துவது, தன்னுடைய புதிய மருந்தை விற்பனைக்குக் கொண்டுவர. புதிய மருந்து மனிதரிடம் படிப்படியாகவே சோதிக்கப்படுகிறது. முதற்கட்டத்தில் மிகச் சிலரிடம், பெரும்பாலும் நோயற்றவர்களிடம், பாதுகாப்பைப் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகளிடம் அளவையும் பயனையும் பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் அல்லது ஆயிரக்கணக்கானோரிடம் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். விற்பனைக்கு வந்த பின்னரும் கண்காணிப்பு தொடரும். உங்கள் வாப்பாவுக்குச் சொல்லப்பட்டிருப்பது இந்த வரிசையில் அடங்காது. ஏற்கெனவே பாவனையில் உள்ள இரண்டை ஒப்பிடும் ஆய்வு அது. காப்புரிமை முடிந்த மலிவான மருந்தையோ, உப்புநீரில் நனைத்த கோஸ் துணியையோ ஆராய்ந்து இலாபம் காண எந்தக் கம்பெனியும் வராது. அத்தகைய கேள்விகளை வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும்தான் எடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் கொவிட் காலத்தில் கிடைத்தது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பல தசாப்தங்களாக எல்லா நாடுகளிலும் பாவனையில் இருந்த, மிக மலிவான மருந்து. கொவிட் நோயாளிகளுக்கு அது உதவுமா, கெடுதல் செய்யுமா என்பதில் வைத்தியர்களிடையே இரண்டு கருத்து இருந்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அனுசரணையில், பிரித்தானியாவின் பொது வைத்தியசாலைகளில் 2020 மார்ச்சில் தொடங்கிய ஆய்வில் 2,104 பேருக்கு அந்த மருந்தையும் 4,321 பேருக்கு அது இல்லாமல் வழக்கமான பராமரிப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஜூன் மாதத்திலேயே விடை வந்துவிட்டது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் மட்டும் பெற்றோரிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் காணப்படவில்லை. யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கத் தேவையில்லை என்பது இரண்டும் ஒரே ஆய்வில் தெரிந்தது.

இலங்கையிலும் இப்படி நடந்திருக்கிறது, அதுவும் நமக்கு மிக நெருங்கிய விடயத்தில். வெள்ளாமைக் காலத்தில் படுவான்கரையிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களிலும் பாம்புக்கடி என்பது பத்திரிகைச் செய்தி அன்று, அன்றாட விடயம். கடிபட்டவருக்கு வைத்தியசாலையில் ஏற்றும் நச்சு முறி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுவதால், உயிரைக் காப்பாற்றும் அதே மருந்து உடலில் கடுமையான ஒவ்வாமையையும் கிளப்பிவிடும். குளிர்நடுக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் விழுதல் என்று அது போகும். அதைத் தடுக்க முன்கூட்டியே என்ன ஊசி போடுவது என்பதில் நீண்ட காலம் ஆளுக்கொரு வழக்கம் இருந்தது. ஒரு வார்ட்டில் ஹைட்ரோகோர்ட்டிசோன், இன்னொரு வார்ட்டில் புரோமெதசீன், வேறிடத்தில் குறைந்த அளவு அட்ரினலின். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். எது வேலை செய்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இலங்கை வைத்தியசாலைகளில் பாம்புக்கடிக்கு உள்ளான 1,007 பேரை எழுமாறாக, அதாவது குலுக்கல் முறையில், பிரித்து, இந்த மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும், மருந்தில்லாத போலி ஊசியோடு ஒப்பிட்டும் பார்த்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. பங்குபற்றியோரில் ஏறத்தாழ 75 வீதமானோருக்கு ஏதோ ஒரு அளவில் ஒவ்வாமை வந்திருந்தது. அட்ரினலின் போடப்பட்டவர்களிடம் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமை 43 வீதம் குறைந்தது. மற்ற இரண்டும் அப்படிக் குறைக்கவில்லை. வருடக்கணக்கில் நம்பிக்கையோடு போடப்பட்ட இரண்டு ஊசிகள் அந்த வேலையைச் செய்யவில்லை என்பதை, ஆய்வு இல்லாமல் எந்த அனுபவசாலியாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆய்வு என்றால் ஒரு தடவை செய்ததும் வேதவாக்காகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அலரி விதை நச்சேறி வந்தவர்களுக்குக் கரித்தூள் மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மரணம் குறைகிறது என்று, 401 பேரை வைத்து இலங்கையில் நடந்த ஆய்வு 2003இல் சொன்னது. பலவகை நச்சுகளால் பாதிக்கப்பட்ட 4,632 பேரை வைத்து இங்கேயே நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2008இல் வந்தபோது, அந்தப் பயன் அதில் தெரியவில்லை. சிறிய ஆய்வில் பங்குபற்றியவர்களுடைய உதவி வீண் போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை; சிறிய எண்ணிக்கையில் தற்செயலும் சேர்ந்துகொள்ளும் என்பதுதான். உங்கள் வாப்பாவின் ஆய்வில் எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார்கள், அந்த எண்ணிக்கை போதுமானது என்று எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்டால் நல்ல ஆய்வாளர் சந்தோஷப்பட்டுப் பதில் சொல்வார்.

குலுக்கலுக்கு வருவோம். வீட்டில் எல்லோரும் பயந்தது இதற்குத்தான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். யாருக்கு எந்தக் கட்டு என்பதை வைத்தியரே தெரிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனித மனம் என்ன செய்யும்? ஒரு கட்டின்மேல் நம்பிக்கை உள்ளவர், தம்மையறியாமலே, சிறிய புண் உள்ளவர்களையும் சொன்ன திகதிக்குத் தவறாமல் வருபவர்களையும் அந்தப் பக்கம் போடுவார். அல்லது அதற்கு நேர்மாறாக, இரக்கப்பட்டு, மோசமான புண் உள்ளவர்களுக்கே அதைக் கொடுப்பார். கடைசியில் ஒரு பக்கத்தில் அதிகமானோர் குணமடைந்தால், அது கட்டின் குணமா, ஆட்களின் குணமா என்று சொல்ல இயலாது. எழுமாறாகப் பிரித்தால் வயது, சீனியின் அளவு, புகைப்பழக்கம், காலின் இரத்த ஓட்டம், இவற்றோடு எவரும் அளந்து பார்க்காத காரணங்களும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி விழும். அதன் பிறகு தெரியும் வித்தியாசத்தைக் கட்டின் மேல் போடலாம்.

இது புதிய முறையும் அன்று. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்த புதிதில், பிரித்தானியாவில் அது எல்லோருக்கும் கொடுக்கப் போதுமானதாக இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை மூடிய உறைகளை வைத்துத் தீர்மானித்தார்கள். 107 பேர் பங்குபற்றிய அந்த ஆய்வின் முடிவு 1948இல் வெளியானது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். இருப்பது போதாதபோது செல்வாக்குள்ளவருக்கு முதலில் என்று போகாமல், குலுக்கிக் கொடுத்தது நீதியாகவும் இருந்தது, உண்மையை அறியவும் உதவியது.

இன்று அந்தக் குலுக்கலை வைத்தியர் மேசையில் சீட்டு எடுத்துச் செய்வதில்லை. வரிசையைக் கணினி முன்கூட்டியே தயாரிக்கும். சிறிய ஆய்வுகளில் அது இலக்கமிட்ட, ஒட்டிய உறைகளில் இருக்கும். நோயாளி சம்மதித்து, பெயர் பதிவான பிறகுதான் அடுத்த இலக்க உறையைத் திறக்க வேண்டும். அந்த உறை ஏன் தடித்த கடதாசியில், சில வேளை உள்ளே ஒரு வெள்ளீயத் தாளும் வைத்து, செய்யப்படுகிறது தெரியுமா? வெளிநாடுகளில் சில ஆய்வுகளில், அடுத்து என்ன வருகிறது என்று பார்க்க உறையை மின்விளக்கில் பிடித்துப் பார்த்த வைத்தியர்கள் இருந்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் அன்று. தன் நோயாளிக்கு நல்லதைப் பெற்றுக்கொடுக்கும் ஆசையில். அந்த ஆசையையும் தடுத்தால்தான் விடை உண்மையாக வரும் என்பதால், பெரிய ஆய்வுகளில் உறையே இல்லாமல், தொலைபேசியிலோ இணையத்திலோ வேறோர் இடத்திலிருந்து பிரிவைப் பெற்றுக்கொள்கிறார்கள்.

குளிசை ஆய்வு என்றால், பெரும்பாலும் எந்தக் குளிசை என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. போத்தலில் இலக்கம் மட்டும் இருக்கும். அவசரம் ஏற்பட்டால் அந்த இலக்கத்துக்குரிய மருந்து எது என்று பார்க்க ஏற்பாடும் இருக்கும். காலில் போடும் கட்டை அப்படி மறைக்க முடியாது, கண்ணால் பார்த்தாலே தெரியும். அதனால் நல்ல ஆய்வுகளில் இன்னொரு வழி வைத்திருப்பார்கள். கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, பக்கத்தில் மில்லிமீற்றர் கோடு போட்ட சிறிய கடதாசி அளவுகோலை வைத்து, நோயாளியின் ஆய்வு இலக்கம் தெரியும்படி ஒரு படம் எடுப்பார்கள். முகம் அதில் வராது. எந்தக் கட்டுப் போட்டது என்று தெரியாத இன்னொருவர் அந்தப் படத்தை வைத்துப் புண்ணின் பரப்பைக் கணக்கிடுவார். உங்கள் படிவத்தில் படம் எடுப்பது பற்றி ஒரு வாசகம் இருந்தால், அதன் காரணம் இதுதான். அந்தப் படங்கள் எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார்கள், வகுப்பிலோ கட்டுரையிலோ காட்டுவார்களா என்பதைக் கேட்டு, விருப்பமில்லாததை மறுக்கலாம். வாப்பா ஆய்வில் சேர்ந்துகொண்டே படத்தை வெளியில் காட்ட மறுப்பது முற்றிலும் ஆகுமான விடயம்.

மருந்தே இல்லாத போலிச் சிகிச்சை கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் பலருக்கும் உண்டு. போலி மருந்து எல்லா ஆய்விலும் இருப்பதில்லை. உறுதியான சிகிச்சை உள்ள, ஆபத்தான ஒரு நோய்க்கு அதை நிறுத்திவிட்டுப் போலி மருந்தை மட்டும் கொடுப்பதற்கு இன்று அனுமதி கிடைக்காது. பாம்புக்கடி ஆய்வில்கூட நச்சு முறி மருந்து எல்லோருக்கும் ஏற்றப்பட்டது, போலி ஊசி ஒவ்வாமைத் தடுப்புக்கு மட்டும்தான். உங்கள் விடயத்தில் இரண்டு பிரிவுமே உண்மையான கட்டுத்தான் பெறுகிறது.

இந்த விதிகள் வானத்திலிருந்து விழவில்லை. நாஸிகளின் முகாம்களில் கைதிகள்மேல் செய்யப்பட்ட கொடுமைகளுக்காக வைத்தியர்கள் மேல் நடந்த வழக்கின் முடிவில், 1947இல், பங்குபற்றுபவரின் சுயவிருப்பமான சம்மதம் இல்லாமல் எந்தப் பரிசோதனையும் கூடாது என்ற நியூரம்பேர்க் கோட்பாடு எழுதப்பட்டது. 1964இல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் வந்தது. ஆனாலும் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுள்ள ஏழைக் கறுப்பின ஆண்களை, அவர்களுக்கு நோயைச் சரியாகச் சொல்லாமலும், பென்சிலின் வழக்கமான சிகிச்சையாக வந்த பிறகும் அதைக் கொடுக்காமலும், அரச சுகாதாரத் துறையே பார்த்துக்கொண்டிருந்தது. அரசாங்கம் நடத்துகிறது, வைத்தியசாலை நடத்துகிறது என்ற பெயர்ப்பலகை மட்டும் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதனால்தான் நெறிமுறை மீளாய்வுக் குழு என்று ஒன்று வேண்டும். வைத்தியர்களோடு, வைத்தியத் துறைக்கு வெளியே உள்ளவர்களும் அதில் இருப்பார்கள். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறது. எந்தக் குழு அனுமதித்தது, அனுமதி இலக்கம் என்ன, முறைப்பாடு என்றால் அந்தக் குழுவை எந்தத் தொலைபேசியில் அழைப்பது என்பவை படிவத்தில் இருக்க வேண்டும். நாட்டில் பதிவு செய்யப்படாத புதிய மருந்து என்றால், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். இவை தவிர, இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய சிகிச்சை ஆய்வுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட பதிவேடு அது. இணையத்தில் எவரும் பார்க்கலாம். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே, எதை அளக்கப் போகிறோம் என்று அங்கே எழுதிவைக்க வேண்டும். பிறகு முடிவு பிடிக்கவில்லை என்று அதை ஒளிக்கவோ, அளவுகோலை மாற்றிக்கொள்ளவோ இயலாமல் செய்வதுதான் இதன் நோக்கம். பதிவு இலக்கத்தைத் தேடிப் பார்ப்பது கையில் தொலைபேசி உள்ள எவருக்கும் சில நிமிட வேலை.

வைத்தியசாலையே அனுசரணையாளராக இருப்பதில் உள்ள பலவீனத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. கம்பெனி நடத்தும் ஆய்வில், கம்பெனியின் கண்காணிப்பாளர்கள் வந்து ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்ப்பார்கள். காப்புறுதியும் பெரும்பாலும் எடுத்திருப்பார்கள். வைத்தியசாலை ஆய்வில் சிகிச்சை செய்பவர், ஆய்வு செய்பவர், பொறுப்பேற்பவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். கையில் பணமும் குறைவு. ஆகவே இரண்டு இடங்களை அழுத்திப் பிடியுங்கள். ஒன்று, ஆய்வினால் வாப்பாவுக்குத் தீங்கு நேர்ந்தால் என்ன ஏற்பாடு என்பது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்று சொல்லி இந்தக் கேள்வியை முடித்துவிடுவார்கள். சிகிச்சை எப்படியும் இலவசம்தான். தீங்கினால் தொழில் இழந்தால், விரலையோ காலையோ எடுக்க நேர்ந்தால், நட்டஈடு உண்டா, யார் தருவது என்பதே கேள்வி. எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது, புண் மோசமானால் எந்த நிலையில் ஆய்வுக் கட்டை நிறுத்தி வேறு சிகிச்சைக்கு மாற்றுவார்கள், அதைத் தீர்மானிப்பவர் யார் என்பது. "பார்த்துக்கொள்வோம்" என்பது இதற்குப் பதில் ஆகாது.

சேராவிட்டால் முகம் கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மறுத்தால் வழக்கமான சிகிச்சை எள்ளளவும் குறையக் கூடாது என்பது விதி. அது படிவத்திலும் இருக்கும். கையொப்பம் வைத்த பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே, விலகலாம். கையொப்பம் ஒரு பொண்ட் அன்று. அதுவரை சேகரித்த தகவல்களை வைத்துக்கொள்வார்களா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடைமுறையில், காலை ஆறு மணிக்கே இலக்கம் எடுத்து வந்து, நெரிசலில் நிற்கும் ஒருவர், தம் காலைக் காப்பாற்றும் வைத்தியரே நேரில் கேட்கும்போது "இல்லை" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சிகிச்சை செய்யும் வைத்தியர் கேட்காமல் வேறொருவர் விளக்குவது நல்லது என்கிறார்கள். "வீட்டில் பேசிவிட்டு அடுத்த கிளினிக்கில் சொல்கிறேன்" என்று சொன்னால் போதும். இந்த ஒரு வசனத்துக்கு எவரும் கோபிக்க முடியாது.

வீட்டில் பேசுவது நல்லது. ஆனால் வீட்டார் தீர்மானிப்பது வேறு. நம்மவரிடையே மகன் வந்து "வாப்பா, கையொப்பத்தைப் போடுங்கள்" என்றால் போட்டுவிடுவார், "வேண்டாம்" என்றால் எழுந்து வந்துவிடுவார். அறிவுத் தெளிவோடு உள்ள ஒரு பெரியவரின் சம்மதம் அவருடையது மட்டும்தான். அவருக்கு வாசிக்க இயலாவிட்டால் படிவம் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். கைநாட்டு வைத்தால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் உடனிருந்து பார்த்துச் சாட்சியாகக் கையொப்பம் வைக்க வேண்டும். நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வாசித்து முடித்ததும், "இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், இது என்ன ஆய்வு?" என்று கேட்பேன். "புது மருந்து தந்து சுகமாக்கப் போறீங்க" என்று பதில் வந்தால், அன்றைக்குக் கையொப்பம் வாங்குவதில்லை, மறுபடியும் முதலிலிருந்து. உங்கள் வாப்பாவிடம் நீங்களும் அதையே கேட்டுப் பாருங்கள். இரண்டில் எது நல்லது என்று தெரியாது, எனக்கு எது வரும் என்றும் தெரியாது, பிடிக்காவிட்டால் விலகலாம் என்ற மூன்றும் அவருடைய சொந்த வார்த்தையில் வந்தால், அவர் விளங்கிக்கொண்டுவிட்டார்.

செலவைப் பொறுத்தவரை, ஆய்வுக்கான கட்டும் மேலதிகப் பரிசோதனைகளும் இலவசமாக இருக்க வேண்டும். ஆய்வுக்காக மட்டும் மேலதிகமாக வரச் சொன்னால் பஸ் செலவைக் கொடுப்பது வழக்கம். அதற்கு மேல் பெரிய தொகை கொடுத்து ஆசை காட்டுவதைக் குழுக்கள் விரும்புவதில்லை. வாரத்துக்கு எத்தனை தடவை போக வேண்டும் என்பதையும் கணக்கிடுங்கள், ஏனெனில் பாதத்தில் புண் உள்ளவரை அடிக்கடி பஸ்ஸில் ஏற்றி இறக்குவது புண்ணுக்கு நல்லதன்று. சில வேளை பக்கத்து வைத்தியசாலையிலேயே கட்டை மாற்ற ஒழுங்கு செய்வார்கள், கேட்டால்.

சேர்ந்தால் வாப்பாவின் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. நாட்டு வைத்தியரிடம் பத்துப் போடுகிறார் என்றாலோ, நோன்பு பிடிப்பதற்காக இன்சுலின் நேரத்தை மாற்றுகிறார் என்றாலோ, அதை ஆய்வுக் குழுவிடம் சொல்லிவிட வேண்டும். ஏசுவார்கள் என்று பலர் மறைப்பார்கள். மறைத்தால் முடிவு கெடுவது ஒருபுறமிருக்க, புண் திடீரென்று மோசமானால் காரணம் தெரியாமல் வைத்தியர் தடுமாறுவார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், எழுதப்பட்டிருப்பதை வைத்துப் பார்க்கும்போது, வாப்பாவுக்கு விருப்பம் இருந்தால் சேரச் சொல்வேன். இரண்டும் பாவனையில் உள்ள கட்டுகள், மேலதிகமாகச் செய்வது அளப்பதும் படமெடுப்பதும், அடிக்கடி புண்ணைப் பார்க்க ஓர் ஆள் இருப்பார் என்பது சிறிய இலாபமும்கூட. ஆனால் நட்டஈடு பற்றிய வாசகமும், மோசமானால் மாற்றும் நிலையும் எழுத்தில் இல்லாவிட்டால், அவை எழுதப்படும் வரை பொறுத்திருப்பேன். கையொப்பமிட்ட படிவத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கால் வீங்கிக் காய்ச்சல் வந்தால் அழைக்க வேண்டிய இலக்கம் அதில்தான் இருக்கும், நீங்கள் எந்த வைத்தியசாலைக்கு ஓடினாலும் அங்கே பார்ப்பவருக்கு அதைக் காட்டலாம்.